மணிக்கணக்கும் மனக்கணக்கும்: சிறு விமானம் ஓட்டக் கற்பது குறித்து

பயிற்சி விமானி ஒவ்வொருவரிடமும் ஒரு லாக்புக் இருக்கும். தேதி, விமானத்தின் வகை, எங்கிருந்து எங்கே, எத்தனை மணி எத்தனை நிமிடம், பயிற்றுநருடனா தனியாகவா என்று கட்டம் கட்டமாகப் பிரித்த புத்தகம் அது. அதில் மணி சேரச் சேர மாணவர் உரிமத்தை நெருங்குகிறார். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பள்ளியின் கட்டணம், வங்கிக் கடன், பெற்றோரின் கவலை, மாணவரின் தூக்கம் எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்கின்றன.

அந்த 200 மணி நேரத்தில் ஒருவர் உண்மையில் என்ன கற்கிறார்? கற்றதை மணியால் அளந்துவிட முடியுமா? சிறு விமானப் பயிற்சியின் வரலாறு, விதிகள், முக்கியமான பாடங்கள், விபத்துகள் காட்டும் உண்மை, செலவு, மொழி ஆகியவற்றை வரிசையாகப் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பழக்கத்தை மணிக்கணக்கு ஓரளவு காட்டும். ஆனால் நிலைமையைப் படித்து, கணக்குப் போட்டு, சரியான நேரத்தில் முடிவெடுக்கும் திறன் மனக்கணக்கைச் சேர்ந்தது. விமானியைக் காப்பாற்றுவது அதுதான். நம் பயிற்சி முறையோ முதலாவதை எண்ணுவதில் காட்டும் அக்கறையை இரண்டாவதை வளர்ப்பதில் காட்டுவதில்லை.

கிளப்புகளின் காலம்

இந்தியர்கள் பறக்கக் கற்றது ஃப்ளையிங் கிளப்புகளில். 1920களின் பிற்பகுதியில் டெல்லி, பம்பாய், கராச்சி போன்ற ஊர்களில் கிளப்புகள் தோன்றின. அவற்றை ஒட்டியே மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் வந்தது. அங்கே ஓடியவை பெரும்பாலும் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மாத் வகை விமானங்கள். மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். பயிற்றுநர் சொல்வது ஒரு ரப்பர் குழாய் வழியாக மாணவரின் காதுக்கு வரும்.

1929 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் ஜே.ஆர்.டி. டாடா விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது, எண் 1. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். அதை வெல்ல அடுத்த ஆண்டு கராச்சியிலிருந்து டாடா புறப்பட்டார். எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து 17 வயது ஆஸ்பி என்ஜினியர் வந்துகொண்டிருந்தார். எகிப்தில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. தன்னிடம் உபரியாக இருந்தவற்றை டாடா கொடுத்தார். பரிசை வென்றவர் ஆஸ்பி. பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியானார்.

1932 அக்டோபர் 15 அன்று டாடா ஒரு புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். பெரிய விமானச் சேவையாக வளர்ந்த ஒன்று, ஒற்றை என்ஜின் சிறு விமானத்தில்தான் தொடங்கியது.

பெண்களும் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். 1932இல் ஊர்மிளா பரிக் உரிமம் பெற்றார். 1936இல் லாகூரில் சரளா துக்ரால் சேலை கட்டியபடியே ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். 1949இல் பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்த உஷா சுந்தரம், அடுத்த ஆண்டு தன் கணவர் வி. சுந்தரத்துடன் சென்னை மாகாண அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்.

அந்தத் தலைமுறைக்குக் கருவிகள் குறைவு. வானொலித் தொடர்பு கிடையாது. என்ஜின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால் கீழே எந்த வயலில் இறங்கலாம் என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். இன்றும் பயிற்றுநர் பறந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து, "என்ஜின் போச்சு, எங்க இறக்குவே?" என்று கேட்பார். மாத் காலத்திலிருந்து கைமாறி வந்த பழக்கம் அது.

உரிமத்தின் படிகள்

இன்று பயிற்சி மூன்று படிகளாக இருக்கிறது. 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு முடித்தவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயதில், 40 மணி நேரம் பறந்த பின் தனியார் விமானி உரிமம். பொழுதுபோக்குக்காகப் பறக்க இது போதும், சம்பளத்துக்குப் பறக்க முடியாது. 18 வயதில் வணிக விமானி உரிமம். 200 மணி நேரத்தில் நூறு மணி, விமானத்தின் பொறுப்பு முழுவதையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 300 நாட்டிகல் மைல் தூரம் தனியாகச் சென்று, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கித் திரும்ப வேண்டும். இரவுப் பறத்தலும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதும் தனித்தனியாக உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இவற்றோடு எழுத்துத் தேர்வுகள்: வான்வழிச் செலுத்தம், வானிலை, விதிமுறைகள், விமானத் தொழில்நுட்பம். வானொலியில் பேசத் தனி உரிமம். தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்த அந்தத் தேர்வு, 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வானூர்திச் சட்டத்தின்படி விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வந்திருக்கிறது. உடல் தகுதிச் சோதனையும் கண்டிப்பானது. லட்சங்களைக் கட்டிவிட்டு அதன்பிறகு மருத்துவச் சோதனையில் தவறுவது பெரும் துயரம்; வணிக உரிமத்துக்கான முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிட்டுப் பணம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

தரையில் நடக்கும் முதல் பாடம்

அதிகாலையில் மாணவர் விமானத்தைச் சுற்றி நடப்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது. கையில் சோதனைப் பட்டியல். முதலில் இறக்கைக்கு அடியில் இருக்கும் சிறு வால்வை அழுத்தி ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எரிபொருள் பிடிப்பார். சிறு விமானங்கள் குடிக்கும் ஏவ்கேஸ் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். குவளையின் அடியில் நிறமில்லாத குமிழ் ஒன்று உருண்டால் அது தண்ணீர். இரவின் ஈரம் டாங்கின் உட்சுவரில் படிந்து இறங்கியது. அது என்ஜினுக்குள் போனால் புறப்பட்ட சில நொடிகளில் என்ஜின் திணறும். நீலம் மட்டும் தெரியும்வரை வடிக்க வேண்டும். குவளையில் நீலமே இல்லாமல் வைக்கோல் நிறமோ நீர் நிறமோ தெரிந்தால், யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்களோ என்று நிமிர்ந்து கேட்க வேண்டும்.

அடுத்து இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய். விரல் தடிமன்கூட இல்லாத அதன் துளைக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுதான் வேகமானி வேகத்தைச் சொல்கிறது. நம் ஊரில் ஜன்னல் சட்டத்திலும் ஸ்விட்ச் பெட்டியிலும் மண்கூடு கட்டும் குளவிக்கு இந்தத் துளை நல்ல இடம். அதனால்தான் நிறுத்திய விமானத்தின் பிட்டோ குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை மாட்டுகிறார்கள். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பிர்கென்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். உறையில்லாமல் நின்ற அந்த விமானத்தின் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கக்கூடும் என்று விசாரணை முடிவு செய்தது.

என்ஜினைக் கிளப்பிய பின்னும் ஒரு சோதனை உண்டு. விமான என்ஜினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு இருக்கும். பேட்டரி செத்தாலும் அவை வேலை செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துச் சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஓரளவு குறைவது இயல்பு. அளவுக்கு மீறிக் குறைந்தால் திரும்பிவர வேண்டும். துளிகூடக் குறையாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும். அணைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையவில்லை என்று பொருள். இப்படி எது இயல்பு, எது இயல்பில்லை என்று பிரித்துப் பார்க்கும் கண் இந்த இருபது நிமிடத்தில் உருவாகிறது. இந்த இருபது நிமிடம் பறந்த நேரமாக லாக்புக்கில் ஏறாது.

உள்ளுணர்வுக்கு எதிரான பாடம்

விமானம் ஓட்டக் கற்பதில் கடினமானது நெம்புகோல்களின் வேலையைப் புரிந்துகொள்வது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். பயத்தில் உடம்பு தானாகச் செய்ய விரும்புவதைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான் மாதக்கணக்கில் நீளும் வேலை. ஸ்டால் என்ற பாடம் இதற்கு நல்ல சான்று.

கார் ஸ்டால் ஆவதைப் போல என்ஜின் நின்றுபோவதைக் குறிக்கும் சொல் இது என்று பலர் எண்ணுகிறார்கள். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம் சுமார் பதினைந்து பதினாறு டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொள்கிறது. தூக்குவிசை சரிகிறது, மூக்கு தாழ்கிறது, விமானம் இறங்குகிறது. அந்த நொடியில் எந்த மனிதரும் கட்டுப்பாட்டுக் கோலைத் தன்பக்கம் இழுத்து மூக்கை உயர்த்தத்தான் துடிப்பார். இழுக்க இழுக்கக் கோணம் இன்னும் கூடும், ஸ்டால் ஆழமாகும். பிழைக்க வேண்டுமானால் பூமியைப் பார்த்து விழுந்துகொண்டிருக்கும்போது கோலை முன்னுக்குத் தள்ள வேண்டும். மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, மாணவர் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். முதல் சில தடவை கை இழுக்கவே பார்க்கும்.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நேராகப் பறக்கும்போது செஸ்னா 172 சுமார் 48 நாட் (மணிக்கு 48 நாட்டிகல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகி 68 நாட் ஆகிவிடும். தரையிறங்க வரும்போது ஓடுபாதையைத் தாண்டிவிட்ட மாணவர், எப்படியாவது திரும்பிச் சேர வேண்டும் என்று குறைந்த வேகத்தில், குறைந்த உயரத்தில் செங்குத்தாகச் சாய்த்து இழுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த எண்கள் சொல்லும். ஸ்டாலிலிருந்து மீளத் தேவையான உயரம் அங்கே இருக்காது.

இதைத் தொடக்கப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை 2009ஆம் ஆண்டின் இரண்டு விபத்துகள் காட்டின. பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் எச்சரிக்கையாகக் கோல் அதிர்ந்தபோது தலைமை விமானி அதைத் தள்ளாமல் இழுத்தார். ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் மாண்டார்கள். பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததால் வேகமானி தவறியது, தானியங்கி விலகியது, துணை விமானி மூக்கை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தார். நாலரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. இவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. கோல்கன் விமானிகள் இருவரின் லாக்புக்கிலும் தனித்தனியே 2,000 மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

தனியாகப் பறக்கும் நாள்

ஓடுபாதையைச் சுற்றி ஆயிரம் அடி உயரத்தில் ஒரு செவ்வகம்: ஏறுவது, காற்றுக்குக் குறுக்கே திரும்புவது, காற்றோடு திரும்பிப் போவது, மீண்டும் திரும்பி இறங்குவது. இதற்கு சர்க்யூட் என்று பெயர். பறப்பதன் எல்லாப் பாடங்களும் அந்த ஆறேழு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இறங்குவதில் கடைசிச் சில அடிகள்தான் மாணவரைப் பல நாள் அலைக்கழிக்கும். மூக்குக்கு நேர் முன்னால் ஓடும் தரையைப் பார்த்தால் உயரம் பிடிபடாது. பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்கு அனுப்பினால் ஓரக்கண்ணில் தரை எழுந்துவருவது தெரியும். யாரும் வாயால் சொல்லி இது வந்துவிடாது. முப்பது தடவை தட்டென்று விழுந்து, முப்பத்தோராவது தடவை சக்கரம் மெதுவாக உரசும்போது மாணவரே தெரிந்துகொள்வார்.

ஒருநாள் காலை மூன்று நல்ல இறக்கங்களுக்குப் பிறகு, பயிற்றுநர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்வார். கதவைத் திறந்து இறங்கி, காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவார். "ஒரே ஒரு சர்க்யூட் போய்ட்டு வா தம்பி. இறங்கும்போது சரியில்லன்னு தோணினா யோசிக்காதே, பவர் குடுத்து மேல ஏறிடு." சொல்லிவிட்டு ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றுகொள்வார். சிலருக்கு இந்த நாள் பத்துப் பதினைந்து மணி நேரத்தில் வரும். சிலருக்கு இருபத்தைந்தைத் தாண்டியும் வராது. முன்பின் ஆவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தனியாகப் புறப்பட்டவருக்கு முதலில் உறைப்பது விமானத்தின் துள்ளல். செஸ்னா 152இன் உச்ச எடையே 757 கிலோ. அதிலிருந்து 75 கிலோ மனிதர் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. விமானம் சட்டென்று எழும்பி வேகமாக ஏறும். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இறக்கி முடித்து வரும் மாணவரைச் சக மாணவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள்.

அந்தக் காலையில் இரண்டு பேர் முடிவெடுத்திருக்கிறார்கள். மாணவர் எடுத்தவை கண்ணுக்குத் தெரிபவை. பயிற்றுநர் எடுத்தது அதைவிடப் பெரியது: ஓர் இளம் உயிரைத் தனியே வானுக்கு அனுப்பும் முடிவு. அவர் அதை மணியைப் பார்த்து எடுக்கவில்லை. முந்தைய வாரம் ஓர் இறக்கம் கோணலாக வந்தபோது, யாரும் சொல்லாமலே மாணவர் பவர் கொடுத்து மேலேறியதைப் பார்த்தாரே, அன்றே பாதி முடிவெடுத்திருப்பார்.

வானமும் வெயிலும்

காற்று அடர்த்தியாக இருந்தால் இறக்கைக்கும் என்ஜினுக்கும் பலம். சூடானால் அது மெலியும். கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பது கணக்குக்கான அடிப்படை. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரத்தில் இருப்பதைப் போல விமானம் நடந்துகொள்ளும். கத்திரி வெயிலில் சென்னையில் 40 டிகிரி என்றால், மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானத்துக்கு அது ஏறத்தாழ 3,000 அடி, அதாவது பெங்களூரின் உயரம். ஓடுதளத்தில் கூடுதல் தூரம் ஓடும், ஏறுவதும் மந்தமாகும். காலையில் எளிதாகத் தூக்கிய அதே விமானம், அதே எடையில், மதியம் வேறு விமானம். பிற்பகலில் கடற்காற்று புகுந்து காற்றின் திசையே மாறிவிடும். பயிற்சிப் பள்ளிகள் விடியற்காலையைப் பொன்னாக மதிப்பது இதனால்தான்.

வெயிலைவிட ஆபத்து மேகம். வெளியே அடிவானம் தெரியாமல் போனால் காதின் உட்புறம் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். மெதுவாகச் சாய்ந்து திரும்பும் விமானத்துக்குள் நேராகப் போவதாகவே உடம்பு சொல்லும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் நுழைந்ததைப் போன்ற நிலையில் வைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி. 1999 ஜூலையில் ஜான் கென்னடி ஜூனியர், மங்கலான இரவில் கடலுக்குமேல் தன் சிறு விமானத்தை ஓட்டிச் சென்று மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் இறந்ததும் இதே காரணத்தால்தான் என்று விசாரணை சொன்னது. அவர் அதற்கு முன் 300 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

இந்தப் பாடத்தின் விடை எளிது. முன்னால் வானம் கெடுகிறது என்று தெரிந்த உடனே, மேகத்துக்குள் நுழையும் முன்பே, 180 டிகிரி திரும்பி வந்த வழியே போய்விட வேண்டும். திருப்புவதைக் கை பத்து நிமிடத்தில் கற்றுவிடும். வீட்டில் காத்திருப்பவர்கள், முடிக்க வேண்டிய மணிகள், பள்ளியில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு, இவை எல்லாம் முன்னே இழுக்கும்போது திரும்புவதற்கு மனம் பழக வேண்டும்.

வழியில் போடும் கணக்கு

தொலைதூரப் பயணத்தில் மனக்கணக்கு என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே வந்துவிடுகிறது. 90 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை நாட்டிகல் மைல். 90 மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் அதே தொலைவுக்கு 77 நிமிடம். செஸ்னா 152 மணிக்கு இருபது லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். கூடுதல் 17 நிமிடத்துக்கு இன்னும் ஆறேழு லிட்டர். அறுபது மைல் போனதும் பாதையிலிருந்து ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு டிகிரி. முப்பது மைலில் இரண்டு மைல் விலகியிருந்தால் நான்கு டிகிரி. ஏரி, ரயில் பாதை, ஆற்றின் வளைவு ஆகியவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இந்தக் கணக்குகளைத் தலைக்குள் போட வேண்டும். ஒரு கை எப்போதும் கோலில் இருக்கும். காதில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசிக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ் திரை எல்லாவற்றையும் காட்டும்போது இது எதற்கு என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. திரை நல்ல துணை. அதை ஒதுக்கச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் திரை சொல்லும் எண் சரியா என்று சந்தேகப்பட, தலைக்குள் ஏற்கெனவே ஒரு தோராய எண் இருக்க வேண்டும். அது இல்லாதவர் திரை எதைச் சொன்னாலும் நம்புவார்.

மணியா, திறனா?

உலக அளவிலும் இந்த விவாதம் தீரவில்லை. கோல்கன் விபத்துக்குப் பின் அமெரிக்கா 2013இல் விதியை இறுக்கி, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயம் என்றது. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே அந்த எண்ணைத் தாண்டியவர்கள் என்பதை எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு அதற்கு முன்பே, 2006இல், வேறு வழியைத் திறந்திருந்தது. பல்விமானிக் குழு உரிமம் என்ற அதில் சிமுலேட்டர் உட்பட 240 மணி நேரம்தான். மணிக்குப் பதில், குறிப்பிட்ட சூழலில் மாணவர் என்ன செய்கிறார் என்று படிப்படியாக மதிப்பிடுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பல பருவங்களையும் பல தவறுகளையும் பார்த்த அனுபவத்துக்கு ஈடு இல்லை. ஆனால் ஒரே சர்க்யூட்டை ஐந்நூறு மணி நேரம் சுற்றி வந்தவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேர அனுபவம், ஐந்நூறு பிரதியாக.

மணியே எல்லாம் என்று ஆகும்போது இன்னொரு கேடும் வருகிறது. பறக்காமலே எழுதிய மணிகளைப் பார்க்கர் பேனாவில் பறந்த மணிகள் என்று விமானிகள் சொல்வதுண்டு. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டபோது, பயிற்சியில் பறக்காத நேரம் பறந்ததாகப் பதிவானதும் விசாரணைக்கு வந்தது. எண்ணை மட்டும் கேட்டால் எண் மட்டும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தேவை ஏறிக்கொண்டே போகிறது. 2022இல் இந்தியாவில் 1,165 வணிக உரிமங்கள் வழங்கப்பட்டன, 2023இல் 1,622. 2020இல் பயிற்சிப் பள்ளிகளுக்கான கொள்கை தளர்த்தப்பட்டு, விமான நிலையங்களுக்கு அவை கட்டிவந்த வருவாய்ப் பங்கு நீக்கப்பட்டது. புதிய பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த நிலையங்களில் சேலமும் ஒன்று. 2025 அக்டோபரில் தலைமை இயக்குநரகம் முதன்முறையாகப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது, மதிப்பிட்ட 35 பள்ளிகளில் ஒன்றுகூட முதல் நிலையைத் தொடவில்லை. எண்ணிக்கை வளர்ந்த வேகத்தில் தரம் வளரவில்லை என்பதை அரசின் அளவுகோலே சொல்லிவிட்டது.

பணமும் மொழியும்

வணிக உரிமத்துக்கு நாற்பது ஐம்பது லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. நடுத்தரக் குடும்பம் வீட்டை அடகு வைத்துக் கட்டும் பணம் இது. ஏவ்கேஸ் பெட்ரோலை நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்தோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடங்கியது. விமானம் பழுதாகி நின்றால், பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டால், மழையோ மூடுபனியோ வாரக்கணக்கில் நீடித்தால், விடுதி வாடகையும் கடன் வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த அழுத்தத்தில் இருக்கும் இருபது வயது மாணவரிடம், "வானம் சரியில்லை, இன்று பறக்காதே" என்ற முடிவைத் தானே எடுக்கச் சொல்கிறோம். அவர் அதை எடுக்கத் தயங்கினால் அது அவர் குற்றம் மட்டும் ஆகாது.

பயிற்றுநர்களின் நிலையும் இதோடு சேர்ந்தது. பலருக்குப் பயிற்சி தருவது விமான நிறுவன வேலை கிடைக்கும்வரை மணி சேர்க்கும் இடைவழி. கற்றுத்தருவதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள அவர்களுக்குத் தக்க ஊதியமும் மதிப்பும் வேண்டும். மாணவரை இறக்கிவிட்டு ஓடுபாதை ஓரத்தில் நிற்கும் அந்த முடிவு, பல மாணவர்களைப் பார்த்துப் பழுத்தவரிடமிருந்து வர வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வருபவருக்கு மொழி இன்னொரு மலை. தேர்வுகளும் வானொலிப் பேச்சும் ஆங்கிலத்தில். பன்னாட்டு விதிப்படி ஆங்கிலத் திறன் குறைந்தது நான்காம் நிலையில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக இது தேவையே. வானொலியில் பேசும் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் அடங்கும், அதைப் பழகிவிடலாம். ஆனால் இறக்கை ஏன் தூக்குகிறது, ஸ்டால் ஏன் வருகிறது, மேகம் எப்படித் திரள்கிறது என்ற அடிப்படைகளைத் தாய்மொழியில் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலப் பாடநூல் எளிதாகும். எதிர்த்தாற்போல் காற்று அடித்தால் சைக்கிள் மிதிக்கக் கடினம் என்று அறிந்த பிள்ளைக்கு, வானில் எதிர்க்காற்றைத் தமிழில் சொன்னால் ஒரு வாக்கியம் போதும். அடிப்படைப் பறத்தல் குறித்த தரமான தமிழ் நூல்கள் வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஊர்மிளா பரிக் காலத்தில் தொடங்கிய பாதை அகன்றிருக்கிறது.

என்ன செய்யலாம்?

200 மணி என்ற அளவை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுபவத்துக்கு ஒரு கீழ்வரம்பு தேவை. அந்த வரம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் வழிகள் வேண்டும். மூன்றைச் சொல்லலாம். ஒன்று, ஒவ்வொரு பறத்தலுக்கும் பின் பயிற்றுநரும் மாணவரும் உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று பேசும் அரைமணி நேரத்தைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கி, அதற்கு ஊதியமும் தர வேண்டும். இரண்டு, சோதனையாளர்கள் கை லாகவத்தோடு நின்றுவிடாமல், வானிலை அறிக்கையை நீட்டி, "இன்று போவாயா, ஏன்?" என்ற கேள்விக்கும் மதிப்பெண் தர வேண்டும். மூன்று, வானிலையாலோ விமானத்தின் குறையாலோ உடல்நலக் குறைவாலோ மாணவர் பறக்காமல் திரும்பிய நாள்களைப் பள்ளி எழுதிவைக்க வேண்டும். அந்த நாளுக்கு அவரிடம் அபராதமோ கட்டணமோ வாங்கக் கூடாது.

மூன்றாவதைக் கேட்டுச் சிலர் தயங்குவார்கள். பறக்காததை ஏன் எழுத வேண்டும் என்பார்கள். குவளையில் தண்ணீர்க் குமிழைக் கண்டு மூன்று தடவை வடித்துப் பார்த்தும் நிற்காததால் விமானத்தை ஒப்படைத்துவிட்டு வந்த மாணவி, அன்று ஒரு பறத்தலுக்கு இணையான பாடத்தைக் கற்றிருக்கிறார். அவர் லாக்புக்கில் அந்தத் தேதி இருக்காது. அவருடைய பயிற்றுநருக்கு அது நினைவில் இருக்க வேண்டும். அடுத்த முறை தனியாக அனுப்பலாமா என்று யோசிக்கும்போது, அவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய நாள் அதுதான்.